ஏழாவது பி-யின் பனிக்காலம்

முள்ளக்கரையில் மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி. மற்ற மாதமெல்லாம் வெயில் காய்ந்து காய்ந்து, காய்ந்த வெயிலே பாத்திகளில் உப்பாக விளைந்து, விளைந்த உப்பு வரப்பெல்லாம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு, தாளாளர் பொன்னுலிங்கத்தின் பள்ளிக்கூடத்தில் ஏழாவது பி வகுப்பில் மட்டும் பனி பெய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாவது ஏ வகுப்பில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, பிள்ளைகள் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருக்குகிற ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, இதை அள்ளுவது தன் வேலையில் சேராது என்றாள். காவலாளி கூரையை அண்ணாந்து பார்த்து, போன வருஷம் பதித்த ஓடு சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேனே என்றார்.

இமாகுலேட் மிஸ் வாசலிலேயே நின்று பனியைப் பார்த்தாள். சமூக அறிவியல் எடுக்கிறவள் அவள்; அது எந்த ஊர்ப் பனி, எந்த வருஷத்துப் பனி என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்கக் கரையில் இறங்கிய நூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேரை ஒரே குளிர்காலத்தில் வாரிக்கொண்டு போன, ஆயிரத்து அறுநூற்று இருபதாம் வருஷத்துப் பனி அது. அதைக் கூப்பிட்டு உட்காரவைத்தவள் தான்தான் என்பதும் தெரிந்தது.

நடந்தது இதுதான். அந்த வருஷம் தாளாளர், பள்ளிக்கூடத்தின் பெயரில் இன்டர்நேஷனல் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, வாசலில் புதுப் பலகை மாட்டி, அமெரிக்கப் பாடப்புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவரும் அவரே. மீனுக்கு ஐஸும் பிள்ளைகளுக்குப் படிப்பும் அவர் கையைத் தாண்டி ஊருக்குள் வர முடியாது. புத்தகத்தோடு ஆசிரியருக்கு ஒரு கையேடும் வந்தது. பாடத்தை வாசிக்கக் கூடாது, நடிக்க வேண்டும், பிள்ளைகள் அந்தக் காலத்து மனிதர்களாகவே இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றது கையேடு.

இமாகுலேட் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஜாதி இல்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, தரையில் சாக்பீஸால் முழுக் கப்பலை வரைந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு எழுதி, கப்பலில் வந்த ஒருவரின் தொழிலையும் வயதையும் குறித்து, பாதிச் சீட்டுகளின் பின்னால் மட்டும் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டு, எல்லாவற்றையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கினாள். சிலுவை விழுந்தவர்கள் வசந்தம் வருவதற்குள் இறந்துவிட வேண்டும். சரித்திரத்தில் என்ன விகிதமோ அதே விகிதம்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். இருபத்து நான்கு பேருக்கு வீட்டில் அந்தக் கப்பல்காரர்களுடைய கறுப்புத் தொப்பியும் வெள்ளைக் காலரும் தைத்துக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் நான்கு பேர் அரசாங்கம் சொன்னதற்காகச் சேர்த்துக்கொண்ட இலவச இடத்துப் பிள்ளைகள், உப்பளத்துக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் பள்ளிச் சீருடையைத் தவிர வேறு உடுப்பு கிடையாது. இவர்களை என்ன செய்வது என்று இமாகுலேட் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு புத்தகத்திலேயே வழி கிடைத்தது. கப்பல் வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே அந்தக் கரையில் குடியிருந்த மக்களைக் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது, அவர்கள் திருத்தி வைத்திருந்த நிலமும் மண்ணுக்குள் சேமித்திருந்த சோளமும் மட்டும்தான் மிச்சம் என்று ஒரு வரி இருந்தது.

“நீங்க நாலு பேருந்தான் அந்தக் கரைக்காரங்க. கப்பல் வாரதுக்கு முன்னாலேயே செத்துட்டீங்க. வராந்தாவில போய் உக்காந்து பாருங்க” என்றாள் இமாகுலேட்.

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். யாரையும் ஒதுக்கவில்லை, சரித்திரத்தையும் திரிக்கவில்லை, உடுப்புப் பிரச்சினையும் தீர்ந்தது என்று அவளுக்கு உள்ளுக்குள் திருப்திகூட இருந்தது. கையோடு, பனிக்குப் பதிலாகத் தரையில் தூவ ஒரு மூட்டை உப்பு கொண்டுவரச் சொன்னாள். நான்கு பேரில் மூத்தவளாகத் தெரிந்த இசக்கியம்மாள், வார விடுமுறை முடிந்ததும் அப்பாவின் சைக்கிளில் மூட்டையை ஏற்றிக் கொண்டுவந்து, தானே அள்ளித் தூவிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் மற்ற மூவரோடு உட்கார்ந்தாள். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் உப்பு பனியாகியிருந்தது, மேலேயிருந்தும் பெய்துகொண்டிருந்தது.

சீட்டு எடுத்தபோது நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு இமாகுலேட்டைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். அவளுடைய ஒரே மகள் ஜெனிலாவும் அதே வகுப்பு. ஜெனிலாவின் சீட்டைத் திருப்பினால் சிலுவை. சாகிறவர்களுக்கு அப்புறம் வசனமே கிடையாதே என்று பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. விளையாட்டுதானே என்று இமாகுலேட் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலோரத்தில் இருந்த இன்பராஜ், மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிற தோமாஸின் மகன், கையைத் தூக்கினான்.

“எனக்குக் குடுங்க மிஸ். நான் நல்லாச் சாவேன்” என்றான்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை விழுந்தும் காட்டினான். வகுப்பே கைதட்டியது. இமாகுலேட் இரண்டு சீட்டையும் மாற்றிக் கொடுத்தாள்.

பனி பெய்த முதல் வாரம் ஊர் வந்து வந்து பார்த்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்குட்டிகளுக்குக் காட்டினார்கள், கையை உள்ளே நீட்டி நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் மீன்காரப் பெண்கள் அலுமினியச் சட்டியோடு வரிசையில் நின்றார்கள். மூன்றாம் வாரம் தாளாளர் ஐஸ் கம்பெனியின் இயந்திரங்களை நிறுத்திவிட்டார். சாயங்கால மணி அடித்ததும் கம்பெனி ஆட்கள் மண்வெட்டியோடு ஏழாவது பி-க்குள் இறங்கி, அன்றைய பனியை வாரி, விளையாட்டு மைதானத்தில் தார்ப்பாயும் வைக்கோலும் போட்டு மூடிக் குவித்தார்கள். குவியல் நாளடைவில் பள்ளிக்கூடத்துக் கூரையைத் தாண்டியது. சர்பத் கடைக்கு அங்கிருந்து போயிற்று, கல்யாண வீட்டுக்குப் போயிற்று, சாவு வீட்டுக்கும் போயிற்று. இவ்வளவு நாள் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஊர் பேசிக்கொண்டது.

பிள்ளைகள் நாலு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், ஆனால் குளிர் அவர்களோடு கூடவே போனது. கொதிக்கிற டவுன் பஸ்ஸில் அவர்கள் வாயைத் திறந்தால் புகை வந்தது. அவர்கள் தொட்ட தம்ளரில் தண்ணீர் உறைந்தது. படுத்த பாயில் காலையில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பெற்றோர்களுக்கு முதலில் அதில் பெருமைதான். நாளைக்கு அமெரிக்கா போகிற பிள்ளை, இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்றார்கள். பஜாரில் அந்த ஊர் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கம்பளிச் சட்டை தொங்கியது. ஆடி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் போகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று மற்றவர்கள் ஏக்கத்தோடு விசாரித்தார்கள்.

வராந்தாவில் இருந்த நான்கு பேரை யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் தினமும் ஒன்பதரைக்கு வந்து, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, நாலு மணிக்கு எழுந்து போனார்கள். இறந்துபோனவர்களின் பெயரைக் கூப்பிடுவது நாடகத்தைக் கெடுக்கும் என்று இமாகுலேட் முதல் நாளே வருகைப் பதிவேட்டில் அவர்களைத் தாண்டியிருந்தாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மாதத் தேர்வுத் தாளும் அவர்களுக்கு வரவில்லை. இன்பராஜ் மட்டும் தன் புத்தகத்தை ஜன்னல் கட்டையில் வெளிப்பக்கம் பார்க்கச் சாய்த்து வைத்து, கையுறை போட்ட விரலால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான், வெளியிலிருந்து இசக்கி வாசித்துக்கொண்டிருப்பாள். அவன் அவசரக்காரன். வகுப்பு நாலாம் பாடத்தில் நிற்கும்போதே அவர்கள் இருவரும் ஏழாம் பாடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஆடி முடியும்போது இருமல் ஆரம்பித்தது. முதலில் ஒருவர், பிறகு நால்வர், பிறகு வகுப்பு முழுக்க ஒரே இருமல். அப்போதுதான் பெற்றோர்களுக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. வீடு வீடாகச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். சிலுவை இல்லாத வீட்டில் நெடுமூச்சு விட்டு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள், சிலுவை இருந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள், அழுது முடித்ததும் யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று கிளம்பினார்கள். ஒருவர் தையல் மிஷின் தருகிறேன் என்றார், ஒருவர் தேர்தலில் நிற்காமல் விட்டுத்தருகிறேன் என்றார், ஒருவர் பதினாறு வயதானதும் பெண்ணையே கொடுக்கிறேன் என்றார். ஒரு வீட்டார் பிள்ளையை மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே மொட்டைமாடியில் அவன் தலைக்கு மேல் மட்டும் பனி பெய்தது. சித்தப்பா மூன்றாம் நாளே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

இன்பராஜின் அம்மா செலின் ஒருநாள் மத்தியானம் இமாகுலேட்டைத் தேடி வந்தாள். பிள்ளை சீட்டை எங்கோ தொலைத்துவிட்டான், கேட்டால் சிரிக்கிறான் என்றாள்.

“நல்ல சீட்டுதான மிஸ்?” என்றாள்.

“நல்ல சீட்டுதான்” என்றாள் இமாகுலேட்.

ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை இன்பராஜ் இறந்தான். நெஞ்சைப் பிடிக்கவில்லை, விழவில்லை, நடிக்கவே இல்லை. ஜன்னலோரத்தில் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. டாக்டர் நிமோனியா என்று எழுதினார். சாவு வீட்டில் ஐஸ் பெட்டி தேவைப்படவில்லை, வீடே குளிர்ந்து கிடந்தது. தோமாஸ் வாசலில் கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்னத்துக்கு இனிமேல் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இமாகுலேட் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். செலின் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இமாகுலேட் செத்துப் பிழைத்தாள்.

பள்ளிக்கூடம் ஒருநாள்கூட விடுமுறை விடவில்லை. பதிவேட்டில் அந்தப் பையனை மாற்றலாகிப் போனதாக எழுதச் சொன்னார் தாளாளர். புதிதாகச் சேருகிறவர்கள் பயந்துவிடக் கூடாதாம். ஜன்னலோர இடத்தைக் காலியாக விடாமல் மற்றவர்களை நெருக்கி உட்காரவைத்து நிரப்பச் சொன்னார். அந்தக் காலத்துக் கப்பல்காரர்களும் செத்தவர்களைப் புதைத்த மண்ணைச் சமமாக்கி, எத்தனை பேர் குறைந்தோம் என்று வெளியில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. இமாகுலேட் அதை வகுப்பில் சொல்லித் தந்தவள். மாற்றலாகிப் போனான் என்று அவள் கையாலேயே எழுதினாள்.

அடுத்த வாரம் மயங்கிச் சாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைக்குச் சீட்டில் சிலுவையே இல்லை. அதற்கப்புறம் யாரும் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. பனிக்கு எழுத்து வாசிக்கத் தெரியவில்லை என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் ஜெனிலா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இரும ஆரம்பித்தாள். இருமி முடித்து நிமிர்ந்தபோது அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. இமாகுலேட் மகளை மூன்று போர்வையால் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள்; மூன்று போர்வைக்கும் வெளியே குளிர் அவள் தொடையைச் சுட்டது. அன்றைக்கு முழுக்க அவளுக்கு இருந்தது ஒரே நினைப்புதான். இந்தப் பனியை நிறுத்த வேண்டும், யார் தலை உருண்டாலும் சரி.

வசந்தம் வரும் பக்கத்தைத் திறந்து உரக்க வாசித்துப் பார்த்தாள். கரும்பலகையில் மார்ச் மாதம் என்று எழுதிப் பார்த்தாள், எழுத்தின் மேல் பனி படிந்தது. தாளாளரிடம் போய் நின்றாள். அவர் மைதானத்துக் குவியலைப் பார்த்துக்கொண்டே, பாடம் அதன் போக்கில் முடியட்டும், அவசரம் என்ன என்றார். ஆனால் பெற்றோர்கள் வாசலில் கூடிக் கல்லெடுக்கிற நிலைமைக்கு வந்ததும் அவரும் இறங்கிவந்தார். புத்தகத்தில் பனி எப்படி முடிகிறது என்று கேட்டார். அந்தக் கரைக்காரர் ஒருவர் ஒருநாள் காட்டிலிருந்து நடந்து வந்து, இவர்கள் வாசலில் நின்று, இவர்கள் மொழியிலேயே வரவேற்கிறார், அதன் பிறகு இன்னொருவர் வந்து, மீனைப் புதைத்து அதன் மேல் சோளம் நடக் கற்றுக்கொடுக்கிறார், அதில்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள் என்றாள் இமாகுலேட். இவ்வளவுதானே என்று தாளாளர் பத்தாம் வகுப்பில் படிக்கிற தன் பேரனுக்குத் தலையில் சேவல் இறகு கட்டி அனுப்பினார். பேரன் வாசலில் நின்று வரவேற்றான். பனி அவன் இறகின் மேலும் பெய்தது. பத்து நிமிஷத்தில் பல் கிட்டித்துப்போய் அம்மாவைக் கூப்பிட்டான்.

அவன் அந்தக் கரைக்காரன் இல்லை. இமாகுலேட்டுக்கு அது முன்னமே தெரியும், தெரிந்துகொண்டே தெரியாதவள்போல இருந்தாள். அந்தக் கரைக்காரர்களை அவள் முதல் நாளே சாகடித்து வெளியில் உட்காரவைத்துவிட்டாள். இனி அவர்கள் வந்தால்தான் உண்டு.

வராந்தாவில் நான்கு பேரும் வெயிலில் உட்கார்ந்து, நொறுக்கிய வறுகடலையை நாலு பங்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வாரத்தில் முதல்முறையாக இமாகுலேட் அவர்கள் முன்னால் போய் நின்றாள். வெயில் அவள் முதுகில் பட்டது. அவ்வளவு இதமாக ஒன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதையே அவள் மறந்திருந்தாள். இசக்கியம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே வா என்றாள்.

“நாங்கதான் செத்துட்டோமே மிஸ்” என்றாள் இசக்கி.

குறும்பாகச் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். இமாகுலேட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியில்லை, அந்த ஊரில் ஒரே ஒருத்தர் மட்டும் பிழைத்திருந்தார், அவரைக் கடத்திக் கடல் தாண்டிக் கொண்டுபோயிருந்தார்கள், திரும்பி வந்து பார்த்தால் ஊரே இல்லை, ஆனாலும் அவர்தான் வந்து கப்பல்காரர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தார், அது நீதான் என்று மூச்சுவாங்கச் சொல்லி முடித்தாள். உள்ளேயிருந்து ஜெனிலாவின் இருமல் கேட்டது. இமாகுலேட் தன்னையறியாமல் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் உப்பு வெடித்த தழும்புகள் இருந்தன, கை சூடாக இருந்தது.

இசக்கி ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகம் சாய்ந்திருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“உள்ள வாரேன் மிஸ். வந்து எல்லாரும் பிழைச்சிட்டா, அப்புறம் எங்களுக்கு என்னாகும்? அடுத்த பாடத்துல என்ன போட்டிருக்கு?”

இமாகுலேட்டுக்கு அடுத்த பாடம் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். நிலம் கைமாறுவதும், சண்டையும், எரிகிற ஊர்களும், பிழைத்தவர்களைக் கப்பலேற்றி விற்பதும் தெரியும். அந்த நேரத்தில் அவள் காதில் இருந்தது மகளின் இருமல் ஒன்றுதான்.

“ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க” என்றாள்.

இசக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறேன், மீனும் சோளமும் வேண்டுமே என்றாள்.

மறுநாள் நான்கு பேரும் வந்தார்கள். இசக்கி கையில் பாலித்தீன் பையில் சாளை மீன் இருந்தது, மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு பிடி மக்காச்சோளம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பனிக்குள் இறங்கினார்கள். இசக்கிக்கு யாரும் வசனம் எழுதித் தந்திருக்கவில்லை. நேரே ஜன்னலோரத்துக்குப் போய், அப்பாவின் கடப்பாரையால் ஐஸைக் குத்தினாள். அடியில் சாக்பீஸில் வரைந்த கப்பல் அழியாமல் இருந்தது, அதையும் குத்தினாள், சிமென்ட் பெயர்ந்து மண் தெரிந்தது. ஒரு குழிக்கு ஒரு மீன், மீனுக்கு மேல் நாலு சோளம் என்று போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். ஐந்தாவது குழி மூடும்போது மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த பனி நடுவழியில் தண்ணீராகி, பிள்ளைகளின் கறுப்புத் தொப்பிகளில் சொட்டியது. ஜெனிலா போர்வையை விலக்கி, அம்மா, வேர்க்குது என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இமாகுலேட் அந்த நிமிஷத்தில் எதையும் கொடுத்திருப்பாள். என்ன கொடுத்தாள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

புத்தகத்தில் வருகிற அந்த விருந்து சனிக்கிழமை நடந்தது. மைதானத்தில் நீள மேஜை போட்டு, பிரியாணி வைத்து, மாதா கோயில் ஒலிபெருக்கியைக் கட்டி, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. உப்பளத்துப் பிள்ளைகள் நான்கு பேரையும் நடுவில் உட்காரவைத்து, தாளாளர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் இன்றைக்கும் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் அவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள், பெற்றோர்களுக்கு இடம் போதவில்லை. தோமாஸும் செலினும் வரவில்லை. சாப்பிடும்போது எல்லார் காலடியிலும் தண்ணீர் ஓடியது. யாரும் அதைப் பொருட்படுத்தாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஏழு வாரத்துப் பனி, கூரையைத் தாண்டிய குவியல், ஆவணி வெயில். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. உருகிய தண்ணீர் இரண்டு நாள் ஓடியது. மைதானத்தை நிறைத்து, சுவரை இடித்து, தாழ்வாகக் கிடந்த உப்பளங்களுக்குள் இறங்கியது. அறுவடைக்கு நின்ற பாத்திகளில் நல்ல தண்ணீர் நின்றது. வரப்பில் குவித்திருந்த அம்பாரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து, சின்னதாகி, சர்க்கரை கரைவதுபோலக் கரைந்து காணாமல் போயின. உப்பளத்து ஆண்களும் பெண்களும் முழங்கால் தண்ணீரில் நின்று கையால் அள்ளிப் பார்த்தார்கள். அள்ளியதும் தண்ணீர்தான். பக்கத்தில் நின்று பார்த்த ஊர்க்காரர்கள், உப்பு அடுத்த வருஷம் விளையும், பிள்ளைகள் பிழைத்தார்களே, அதுதானே பெரிது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் விளையவில்லை, விளைய விடவும் இல்லை. அளத்தின் சொந்தக்காரர் கைகழுவிவிட, தாளாளர் வளைத்துப் போட்டார். பள்ளிக்கூடத்துக்கு விடுதி வருகிறது, புது மைதானம் வருகிறது என்று கல் நட்டார்கள். குடியிருப்பும் அந்தக் கல்லுக்குள்தான் இருந்தது. அந்தப் புரட்டாசிக்குள்ளேயே காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு, வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினார்கள்.

இசக்கி மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். வெளியில் அவளுடைய அப்பா லாரியில் ஏற்றிய சாமானுக்கு மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் ஊரில் இல்லாததால் இமாகுலேட்தான் எழுத வேண்டியிருந்தது. பெயர், தகப்பன் பெயர், நடத்தை நன்று என்று எழுதிக்கொண்டே வந்தவளுக்கு, விலகும் காரணம் என்ற இடத்தில் பேனா ஓடவில்லை. பதிவேட்டில் இன்பராஜுக்குப் பொய் எழுதியதும் இதே கேள்விக்குத்தான். தலையைக் குனிந்துகொண்டே, அடுத்த பாடத்தில் இருந்ததை அன்றைக்கே தான் சொல்லியிருக்க வேண்டும், பொய் சொல்லிவிட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

“எனக்குத் தெரியும் மிஸ். இன்பராஜ் காட்டுனான், கடைசி வரைக்கும் வாசிச்சிட்டோம். நீங்க சொல்லுதீங்களான்னுதான் கேட்டேன்” என்றாள் இசக்கி.

தெரிந்துகொண்டு பிறகு ஏன் உள்ளே வந்தாய் என்ற கேள்வியை விழுங்கிவிட்டு, இமாகுலேட் முத்திரையைக் குத்தித் தாளை நீட்டினாள். இசக்கி அதை வாங்கினாள். சான்றிதழை நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய் லாரியில் ஏறினாள். காரணம் எழுதுகிற இடம் அந்தத் தாளில் வெறுமையாகவே போயிற்று.

மணி அடித்தது. ஏழாவது பி-யில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் பெயர்ந்த சிமென்ட்டுக்குள் சோளம் முழ உயரம் வளர்ந்து நின்றது. மேஜையில் அடுத்த பாடத்துக்கான ஹார்லிக்ஸ் பாட்டிலை யாரோ கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். இருமல் முழுக்கக் குணமாகிக் கன்னம் சதை போட்டிருந்த ஜெனிலா கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் அவளும் மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

“இந்தத் தடவை வெளிய யாரு மிஸ் உக்காரணும்?” என்றாள்.

நல்ல பிள்ளையின் கேள்வி. பாடத்தைக் கவனித்த பிள்ளையின் கேள்வி. இமாகுலேட் பாட்டிலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து, மாற்றலாகிப் போனான் என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, இறந்துபோனான் என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு வாசலைத் தாண்டி, நான்கு பேர் ஏழு வாரம் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். உச்சிவெயில் நேராக மேலே விழுந்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.